கம்ப்யூட்டர் அறைத் தவளை

எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தர என் மகளுக்குப் பொறுமை இல்லை. அவளிடம் படிக்க எனக்கும் பொறுமை இல்லை. லண்டனில் மனோர் பார்க்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில், சாமிப் படங்களுக்குக் கீழே, யாரோ கழித்துவிட்ட ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதன் முன்னால் என்னை இருத்திவிட்டு, "ஜஸ்ட் கிளிக், அம்மா" என்பாள். எங்கே என்று கேட்டால் ஒரு பெருமூச்சு. பிறகு மௌஸைப் பிடித்திருக்கும் என் கையை விலக்கிவிட்டுத் தானே எல்லாவற்றையும் செய்து முடித்து, "சீ? ஈஸி!" என்பாள். எனக்கு விளங்கியது ஒன்றுதான். யாரிடம் வேண்டுமானாலும் மாணவியாகப் போய் இருக்கலாம், பெற்ற பிள்ளையிடம் மட்டும் கூடாது.

கம்ப்யூட்டர் தெரியாமலே என் காலத்தை நான் ஓட்டியிருப்பேன். காய்கறிக் கடையில் வேலை, வீட்டில் சமையல், வெள்ளிக்கிழமை முருகன் கோயில், இதில் எதற்கும் மௌஸ் தேவைப்படவில்லை. ஆனால் அந்த நாட்களில்தான் பிரித்தானியக் குடியுரிமை கேட்பவர்கள் இந்த நாட்டைப் பற்றி ஒரு சோதனை எழுதவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பேனாவால் எழுதும் சோதனை என்றால் நான் கலங்கியிருக்க மாட்டேன். அதைக் கம்ப்யூட்டரில்தான் செய்யவேண்டும் என்றார்கள்.

குடியுரிமை எனக்கு எதற்கு என்றால், என் அக்காவுக்காக. அம்மா கடைசிவரை நோயாளி என்பதால் எனக்குத் தலை பின்னிவிட்டதும், சோறு போட்டதும், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதும் அக்காதான். யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த காலத்தில் அவள் தன் குடும்பத்தோடு வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்த் திருச்சியில் தங்கிவிட்டாள். நான் கொழும்பு வழியாக லண்டன் வந்தேன். அதன் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. என்னிடம் இருந்தது அகதிகளுக்குத் தரும் பயணப் பத்திரம். அதை வைத்துக்கொண்டு இந்திய விசாவுக்கு அலைந்து பார்த்தேன், சரிவரவில்லை.

இதற்கிடையில் அக்காவின் கண்கள் போகத் தொடங்கியிருந்தன. கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். போன பார்வை திரும்பாது, இருப்பதை இழுத்துப் பிடிக்க மட்டும் மருந்து.

"நடுவிலை மட்டும்தான் தெரியுது பிள்ளை. பக்கத்திலை எல்லாம் இருட்டு," என்றாள் தொலைபேசியில். "அந்த நடுவும் போறதுக்கு முன்னம் ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ."

ஆகவே எனக்குப் போகவேண்டிய வழி தெளிவாகத் தெரிந்தது. சோதனை, குடியுரிமை, பாஸ்போர்ட், விசா, பிறகு அக்கா. முதல் படியிலேயே கம்ப்யூட்டர் குறுக்கே நின்றது.

மகளின் பள்ளிக்கூடத்தில் இந்தச் சோதனை எழுதப்போகும் பெற்றோருக்கு ஒரு வகுப்பு தொடங்குகிறார்கள் என்று மகளே வந்து சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். புதன்கிழமைகளில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில். "மிஸ் தமிழ் பேசுவா அம்மா. மலேசியா," என்றாள்.

மாடியில் இருந்தது அந்த அறை. சுவரோரமாகச் சுற்றிவரக் கம்ப்யூட்டர்கள், முதுகு புடைத்த பழைய வகை. பகல் முழுக்க ஓடிய சூடு இன்னும் அறையில் நின்றது. கம்பளத் தூசும், பிள்ளைகள் ஒளித்துத் தின்ற வினிகர் போட்ட கிரிஸ்ப்ஸும் மணத்தன. "இங்கே உண்ணவோ குடிக்கவோ கூடாது" என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி ஒட்டிய அறிவிப்புக்கு நேர் கீழே போய் நான் இருந்தேன். எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு அண்ணை. செவன் கிங்ஸில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் நிற்பவர், பருத்தித்துறைக்காரர். அவருடைய மகனும் அதே பள்ளிதான். மற்றவர்களிலும் பெரும்பாலானவர்கள் எங்கள் ஆட்கள்.

மிஸ் உள்ளே வந்தார். என் தோளுக்கு வரமாட்டார், வயதும் என்னைவிட நன்றாகக் குறைவு. இங்கே படிக்க வந்து, படிப்பு முடிந்து வேலை கிடைத்துத் தங்கிவிட்டவர். ஆனால் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் எங்களுக்கு அவர் மிஸ்தான். தலை நரைத்த அண்ணைகூட எழுந்து நின்று "குட் ஆஃப்டர்னூன் மிஸ்" என்றார்.

"அய்யோ, குந்துங்க குந்துங்க," என்றார் மிஸ், வெட்கத்தோடு. கையில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா இருந்தது. அதைத் திறந்து நீட்டினார். "ஆளுக்கு ஒன்னு எடுத்துக்குங்க."

உள்ளே சாம்பல் நிறத்தில் ரப்பர் உருண்டைகள். அண்ணை ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். அது மௌஸின் வயிற்றுக்குள் போகும் உருண்டை. பிள்ளைகள் அதைக் கழற்றிக்கொண்டு போய்ப் பந்து விளையாடுகிறார்களாம். அதனால் பின்னேரம் எல்லாவற்றையும் எடுத்து டப்பாவில் போட்டுப் பூட்டி வைப்பாராம். ஆகவே என் கம்ப்யூட்டர் படிப்பு, மௌஸை மல்லாக்கப் போட்டு, வயிற்றைத் திறந்து, உருண்டையைப் போட்டு மூடுவதில் தொடங்கியது. வீட்டில் மகள் தொடவே விடாத சாமானை இங்கே பிரித்தே பார்த்துவிட்டேன். அதோடு எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

"தப்பா அழுத்துனா ஒடைஞ்சிராது அக்கா," என்றார் மிஸ் என் பின்னால் வந்து நின்று. "இது தெனமும் நூத்துக்கணக்கான பிள்ளைங்க அடிய வாங்குது. நீங்க அழுத்துறதெல்லாம் இதுக்குத் தடவிக் குடுக்கற மாதிரி."

கை பழகுவதற்காக முதலில் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடச் சொன்னார். சீட்டை இழுத்து இழுத்து அடுக்கவேண்டும். அண்ணை மட்டும் மௌஸைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"ஏன் அண்ணே?"

"பள்ளிக்கூடத்திலை காட்ஸ் விளையாடுறதோ மிஸ்? ஏலாது."

மிஸ் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. கடைசியில் அவருக்கு மட்டும் சின்னப் பிள்ளைகள் படத்துக்கு நிறம் தீட்டும் ஒன்றைத் திறந்து கொடுத்தார். பெட்ரோல் நிலையத்து அண்ணை ஒரு யானைக்குப் பச்சை நிறம் பூசிக்கொண்டு இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

கை பழகிய பிறகு தவளை வந்தது.

பள்ளியில் பிள்ளைகளுக்குக் கேள்வி பதில் பயிற்சி கொடுக்க ஒரு புரோகிராம் இருந்தது. ஆசிரியர் தன் கேள்விகளை அதில் போட்டுக்கொள்ளலாம். திரையில் ஒரு குளம், குளத்தில் தாமரை இலைகள், இக்கரையில் ஒரு பச்சைத் தவளை. கேள்விக்குக் கீழே நான்கு வட்டங்கள். சரியான வட்டத்தை அழுத்தினால் தவளை ஒரு இலை முன்னே தாவும். பிழையாக அழுத்தினால் தண்ணீரில் விழுந்து, மூழ்கி, எழும்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே இலையில் வந்து இருக்கும். எல்லாம் சரி என்றால் அக்கரைக்குப் போய் ஒரு ஆட்டம் போடும். மிஸ் அதற்குள் குடியுரிமைச் சோதனைக்கான கேள்விகளைப் போட்டு வைத்திருந்தார். பாராளுமன்றம், தேவாலயம், வீடு வீடாகப் பத்திரிகை போடப் போகும் பிள்ளைகளுக்கான சட்டம், இந்த நாட்டின் நாலு பகுதிகளின் பெருநாட்கள் என்று நிறைய. எங்களுக்காக இத்தனை கேள்விகளை எப்போது எழுதி முடித்தார் என்று யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

அந்தத் தவளை என் மனதைத் தொட்டுவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் படித்த காலத்தில் பிழை விட்டால் பிரம்படி. அதற்கு முன்னால் வகுப்பே சிரிக்கும், அது பிரம்பைவிட நோகும். லண்டனுக்கு வந்த பிறகும் கதை அதுதான். தபாற்கந்தோரில் நான் வாய் திறந்தால் பின்னால் நிற்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். வீட்டில் மகள் பெருமூச்சு விடுவாள். ஆனால் இந்தப் பச்சைத் தவளைக்கு அலுப்பே கிடையாது. எத்தனை தரம் விழுத்தினாலும் எழும்பி வந்து, அடுத்தது என்ன என்பது போல் என்னைப் பார்க்கும். காதில் போடும் கருவியும் கொடுத்திருந்தார் மிஸ். கேள்வியில் தெரியாத சொல்லின் மேல் அழுத்தினால் ஒரு ஆண் குரல் அதை வாசித்துக் காட்டும். திரும்ப அழுத்தினால் திரும்ப வாசிக்கும், அதே நிதானத்தில். என் வாழ்க்கையில் ஒரு ஆண் பிள்ளை எனக்கு ஒரு விஷயத்தை அத்தனை தரம் முகம் சுளிக்காமல் சொன்னது அதுதான் முதல் தடவை என்று கணவரிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த இடத்தில்தான் எங்கள் யாழ்ப்பாண மூளை வேலை செய்யத் தொடங்கியது.

கண்டுபிடித்தவர் அண்ணை. ஒரு புதன்கிழமை அவர் என் பக்கம் சரிந்து, "தங்கச்சி, கவனிச்சனீங்களோ? கேள்வியள் எப்பவும் ஒரே ஒழுங்கிலைதான் வருது. மறுமொழியும் அதே இடத்திலைதான் கிடக்குது," என்றார், ஏதோ புதையல் கண்டவர் போல.

அடுத்த புதன்கிழமை அவர் அதை ஒரு வாய்ப்பாடாகவே ஆக்கிக்கொண்டு வந்துவிட்டார். "ஒண்டு, ரெண்டாவது. ரெண்டு, கடைசி. மூண்டு, முதலாவது. நாலும் முதலாவது." மெல்லிய ராகம்கூட இருந்தது. வகுப்பு தொடங்கும் முன்னால் நடைபாதையில் நின்று சொல்லித்தந்தார், நாங்கள் எல்லோரும் பாடமாக்கினோம். நான் பஸ்ஸில் சொன்னேன், கடையில் வெங்காயம் அடுக்கும்போது சொன்னேன், பாத்திரம் கழுவும்போது சொன்னேன். ஏழுக்கு மூன்றாவது வட்டம் என்பது என் பெயர் போல மனதில் நின்றது.

இதில் களவு எதுவும் இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் படிப்பது என்றாலே இதுதான். பழைய வினாத்தாள்களைக் கரைத்துக் குடிக்காமல் யாராவது சோதனைக்குப் போவார்களா? டியூஷன் நடக்கும் டியூட்டரி வாசலில் விடியக் காலையிலேயே சைக்கிள்களோடு நின்றவர்கள் நாங்கள். மாதிரி விடையை வரிக்கு வரி பாடமாக்கி, அதே வரியில் எழுதிப் பாஸ் பண்ணியவர்கள். கம்ப்யூட்டர் வந்துவிட்டது என்பதற்காக எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொள்ள எங்களுக்குக் காரணம் தெரியவில்லை.

அந்த மாதத்தில் அறை முழுக்கத் தவளைகள் அக்கரையில் ஆடின. மிஸ்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தலைமை ஆசிரியையை அழைத்து வந்து காட்டினார். அந்த வெள்ளைக்கார அம்மா ஒவ்வொருவர் பின்னாலும் நின்று பார்த்து, கைதட்டி, "மார்வலஸ்" என்றார். அண்ணை எழுந்து நின்று நன்றி சொன்னார்.

நான் உடனே சோதனைக்குப் பதிந்தேன். ஏன் அவசரம் என்று கேட்ட மிஸ்ஸிடம் அக்காவின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அக்காவிடமும் சொல்லிவிட்டேன்.

"பாடமாக்கிப் போட்டியோ?" என்று கேட்டாள்.

"ஓம் அக்கா, எல்லாம் தண்ணிபட்ட பாடு."

சோதனை நடந்த இடத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அமைதியான அறை, தட்டையான புதுத் திரைகள், அடையாள அட்டையைச் சரிபார்த்த மரியாதையான பெண். திரையில் குளம் இல்லை, தவளை இல்லை. அதை எதிர்பார்த்திருந்தேன். எதிர்பாராதது, முதல் கேள்வியே நான் கண்டிராததாக இருந்ததுதான். இரண்டாவது, எங்கள் கேள்விகளில் எங்கோ நடுவில் வருவது. நாட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. எனக்குத் தெரிந்திருந்தது வட்டங்களை மட்டும்தான். ஏழாவது கேள்வி வந்தபோது, வாசிக்கும் முன்னமே என் கை தானாகப் போய் மூன்றாவது வட்டத்தை அழுத்தியது.

தோற்றுப்போனேன். அந்தப் பெண் கையில் தந்த தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் மேல் தட்டில் போய் இருந்து அழுதேன். கட்டிய காசு போகட்டும். திரும்பப் பதிந்து, திரும்ப எழுதி, பிறகு மனுக் கொடுத்து, காத்திருந்து, அதற்குள் அக்காவின் கண்ணில் மிச்சம் என்ன இருக்கும்?

எனக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கமாட்டேன். புதன்கிழமை கம்ப்யூட்டர் அறைக்குள் போனவுடன் மிஸ்ஸைப் பிடித்துக்கொண்டேன்.

"மிஸ், உங்கட தவளை என்னைத் தண்ணிக்குள்ளை தள்ளிப்போட்டுது! இஞ்சை ஒவ்வொரு நாளும் அக்கரையிலை போய் ஆடுது. அங்கை ஒண்டும் சரிவரேல்லை. என்னத்தைப் படிப்பிச்சனீங்கள்?"

மிஸ் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பதிலுக்குக் கோபிக்கவில்லை. "வாங்க அக்கா. ஒரு தடவ எனக்கு முன்னாடி செஞ்சு காட்டுங்க," என்றார்.

உருண்டையைப் போட்டு மூடிவிட்டுக் கதிரையில் இருந்தேன். என் கை பறந்தது. ரெண்டாவது, கடைசி, முதலாவது, முதலாவது. தவளை ஒரு மூச்சில் அக்கரைக்குப் போய் ஆடியது. மிஸ் திரையைப் பார்க்கவில்லை, என் கண்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு குனிந்து, திரையில் எங்கோ ஒரு இடத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் சரி என்று அடையாளம் போட்டார்.

"இப்ப திரும்பவும்."

ரெண்டாவது. தவளை தண்ணீரில். கடைசி. தண்ணீரில். முதலாவது. தண்ணீரில். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து வந்து இருந்தது. அதற்குள் வகுப்பு முழுக்க என் கதிரையைச் சுற்றிக் கூடிவிட்டது.

"மிஸ், இது வேறை பேப்பர்," என்றார் அண்ணை.

"இல்ல அண்ணே. அதே கேள்விதான், அதே பதில்தான். எடம் மட்டும் மாத்தி மாத்தி வரும்."

அண்ணையின் முகம் சாவீட்டில் நிற்பவர் முகம் போல ஆகிவிட்டது. கடைசியில் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "மிஸ், தயவுசெய்து அதை மாத்தாதேங்கோ. நாங்கள் எல்லாரும் சரியாக் கஷ்டப்பட்டுப் பாடமாக்கினது," என்றார்.

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். முதலில் எனக்கு இன்னும் கோபம் ஏறியது. பிறகு அண்ணையின் கூப்பிய கையைப் பார்த்தேன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எல்லோரும்தான்.

சிரித்து முடித்த மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என் மேலயும் தப்பு இருக்கு அக்கா," என்றார். "மௌஸே புதுசு உங்களுக்கு. கேள்வியயும் கலக்கி விட்டா பயந்துருவீங்கன்னு நானாத்தான் நிறுத்தி வச்சேன். ஒங்க அக்கா விஷயம் தெரிஞ்சும் நான் கவனிக்கல. மன்னிச்சிருங்க."

எனக்குப் படிப்பித்தவர்களில் எவரும் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அத்தனை பேர் முன்னால் கத்தியது நான், கேட்டது அவர். நான் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அன்றிலிருந்து வகுப்பு வேறு மாதிரி நடந்தது. மிஸ் பாடப் புத்தகத்தின் பகுதிகளைக் கம்ப்யூட்டரில் போட்டுத் தந்தார். அந்த ஆண் குரல் எங்களுக்கு அதை வாசித்துக் காட்டியது. முதலில் கேட்கவேண்டும், விளங்காத சொல்லை அழுத்தவேண்டும், பக்கத்தில் இருப்பவருக்கு அதைத் தமிழில் சொல்லவேண்டும், அதற்குப் பிறகுதான் தவளை. கலங்கிய குளத்தில் முதல் மாதம் அது அடிக்கடி முங்கியது. ஆனால் நான் வாசிக்கத் தொடங்கியிருந்தேன். இந்த நாட்டுப் பெண்களும் வாக்குரிமைக்காகச் சண்டை பிடித்துச் சிறைக்குப் போனவர்கள் என்று வாசித்த அன்று, தெருவில் போகும் வெள்ளைக்காரக் கிழவிகளைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தேன். டாக்டரிடம் போகும்போது மொழிபெயர்க்க ஒருவரை நாமே கேட்கலாம் என்று இருந்தது. அதை வாசித்துவிட்டுக் காதுக் கருவியைக் கழற்றி வைத்தேன். அதுவரை என் உடம்பைப் பற்றி மகள்தான் டாக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளை, சொல்லக் கூச்சப்பட்டதையும் சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் நான் அவளை அந்த அறைக்குள் கூட்டிக்கொண்டு போகவில்லை. அதற்கே அந்த வகுப்புக்கு நான் கோயில் கட்டலாம்.

மகளும் மாறினாள். ஒரு நாள் அவள் பள்ளி வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது மௌஸ் ஓடாமல் இழுபட்டது. நான் அதைப் புரட்டி, வயிற்றைத் திறந்து, உருண்டையில் சுற்றியிருந்த தூசை நகத்தால் எடுத்துவிட்டு மூடிக் கொடுத்தேன். "ஹவ் டு யூ நோ தட், அம்மா?" என்றாள் வாயைப் பிளந்துகொண்டு. "ஈஸி" என்றேன்.

தொலைபேசியில் அக்காவின் செய்தி மட்டும் நல்லதாக இல்லை. தொலைக்காட்சியில் ஆட்களின் முகத்தில் பாதிதான் தெரிகிறது என்றாள். நான் தோற்றதைச் சொன்னபோது அவள் கோபிக்கவில்லை. "சின்னனிலையும் நீ இப்பிடித்தானே. வரலாறு பாடமாக்கித் தந்தா, கேள்வியை மாத்திக் கேட்டா முழிப்பாய்," என்று சிரித்தாள்.

இரண்டாம் தடவை போனபோது ஒவ்வொரு கேள்வியையும் உதட்டை அசைத்து வாசித்தேன். தெரியாத சொல் வந்த இடங்களில் அந்த ஆண் குரல் காதுக்குள் கேட்டது. ஏழாவது கேள்வி வந்தபோது மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாசித்தேன். விடை கடைசி வட்டத்தில் இருந்தது.

முடிந்ததும் திரை வெறுமையாகிவிட்டது. ஒரு தவளையும் ஆடவில்லை. வெளியே இருந்த பெண் பெயரைக் கூப்பிட்டு, தாளைத் தந்து, "வெல் டன்" என்றாள். நான் திரும்பக் கேட்டேன். திரும்பவும் சொன்னாள். வாசலுக்கு வந்து முதலில் மிஸ்ஸின் கைத்தொலைபேசிக்கு அழைத்தேன். வகுப்பு நேரம், எடுக்கமாட்டார் என்று நினைத்தேன். எடுத்தார்.

"மிஸ், பாஸ்."

அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல். மிஸ் அவர்களிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொல்வது கேட்டது. அடுத்து, நான் கண்டிராத அந்தப் பிள்ளைகள், அந்த உருண்டை திருடுகிற கூட்டம், எனக்காகக் கைதட்டி மேசையில் அடித்துக் கூச்சல் போட்டது. தெருவில் நின்று தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.

பிறகு மனு, காத்திருத்தல், கவுன்சில் மண்டபத்தில் கையை உயர்த்தி உறுதிமொழி, பாஸ்போர்ட், விசா. ஒவ்வொன்றும் ஆமை வேகத்தில் வந்தது, ஆனால் வந்தது.

திருச்சியில் அக்காவின் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினேன். அவள் இரும்புக் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கப் பார்த்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நில், நில். அதிலையே நில். அசையாதை."

தலையை இந்தப் பக்கம் சரித்தாள், அந்தப் பக்கம் சரித்தாள், கொஞ்சம் நிமிர்த்தினாள். அவளுக்கு மிச்சம் இருந்த அந்தச் சின்ன நடுவுக்குள் என்னைக் கொண்டுவரப் பார்க்கிறாள் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் தலை ஒரு இடத்தில் நின்றது.

"வந்திட்டாய்," என்றாள். "தங்கச்சி, நரைச்சுப்போனியடி."

அங்கே இருந்த நாட்களில் அவள் என்னை அப்படிப் பல தரம் நிறுத்தி வைத்துப் பார்த்தாள். சட்டியோடு நிற்கும்போது, தலை துவட்டும்போது, சும்மா இருக்கும்போதும். நான் திரும்பி வந்து அடுத்த வருடம் அந்த நடுவும் மூடிவிட்டது. ஆனால் என்னுடைய முகத்தைத் தனக்குள் எடுத்து வைத்திருப்பதாக இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

லண்டனுக்குத் திரும்பி வந்த முதல் புதன்கிழமை, மணப்பாறை முறுக்கு ஒரு பொதியோடு பள்ளிக்குப் போனேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அண்ணையும் அதற்குள் பாஸ் பண்ணிவிட்டிருந்தார், புதிதாக வந்தவர்களுக்கு இப்போது அவர்தான் பாடமாக்க வேண்டாம் என்று உபதேசம் செய்கிறார் என்று மிஸ் சொன்னார். மிஸ் அப்போது உருண்டைகளை மௌஸ்களிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். நானும் மறுபக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, உண்ணக்கூடாது என்ற அறிவிப்புக்குக் கீழேயே இரண்டு பேரும் இருந்து முறுக்குச் சாப்பிட்டோம்.

"அக்கா பாத்தாங்களா ஒங்கள?" என்று கேட்டார்.

"ஓம் மிஸ். பாத்தவ."

வாசலில் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். நான் சொல்லி முடித்த பிறகும் அதைக் கடிக்கவில்லை.

"அந்தத் தவள கேள்வியெல்லாம் ஒங்களுக்காக எழுதினது இல்லக்கா," என்றார். "சட்டம் வந்தப்பவே எனக்காக எழுதிக்கிட்டேன். இங்கயே இருந்துரலாம்னு ஒரு நெனப்பு. வேல இருக்கு, வீடு இருக்கு. ஆனா எங்க நாட்டுல ரெண்டு குடியுரிம வச்சுக்க விடமாட்டாங்க. இத வாங்குனா அதக் குடுத்துரணும். ஈப்போவுல எங்கப்பா தனியா இருக்காரு. அவரப் பாக்கப் போனா நான் சுற்றுலாக்காரி வரிசையில நிக்கணும்."

டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார்.

"எனக்கு அந்தத் தவள ஒரு தடவகூட தண்ணியில விழுந்ததில்லக்கா. எப்பவும் அந்தக் கரைக்குப் போயிரும். நான்தான் இன்னும் பதியவே இல்ல."

எனக்கு அக்காவின் முகத்தைத் தந்த அதே சோதனை இவருக்கு அப்பாவின் வாசலை எடுத்துவிடும். அதைத் தனக்குள் வைத்துக்கொண்டுதான் புதனுக்குப் புதன் எங்களை ஒவ்வொருவராக அக்கரைக்கு அனுப்பியிருக்கிறார். நான் அவரைப் பிடித்துக் கத்திய அன்றும் அதை வைத்துக்கொண்டுதான் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். பின்னேரம் இந்த அறையைப் பூட்டிவிட்டு எந்த வீட்டுக்குப் போகிறார், அங்கே யார் இருக்கிறார்கள் என்று இத்தனை காலத்தில் நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. நன்றி என்ற சொல் என்னிடம் இருந்தது, ஆனால் அது அந்த இடத்துக்குப் போதாது.

எழுந்து போய் அறையின் விளக்கை அணைத்தேன்.

"தங்கச்சி," என்றேன், "கதவைப் பூட்டிப்போட்டு வா. எங்கட வீட்டை போய்ச் சாப்பிடுவம்."

அவள் டப்பாவை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.